மொறிஸ் மைனர் சஸ்பென்சன்: எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது

மைனர் வைத்திருக்கிற நாலு பேர் ஒன்றுகூடினால் கதை கார்பரேற்றரில் தொடங்கிக் கார்பரேற்றரில்தான் முடியும். காருக்குக் கீழே குனிந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்குக் குறைவு. எனக்கும் இருக்கவில்லை. அப்பாவின் 1961ஆம் ஆண்டு மைனர் 1000ஐ ஒருநாள் காலை ஒழுங்கைக்குள்ளால் பின்னுக்கு எடுத்து ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினேன். முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். கார் இடப்பக்கம் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கிடக்கிறது. நடக்கிற வேகம் என்பதால் தப்பினோம். முதல்நாள் பின்னேரம்தான் அதே காரில் கிளிநொச்சியில் இருந்து ஏ9 வீதியால் வந்திருந்தோம்.

அன்று கழற்றி எடுத்த ட்ரனியன், முன்சில்லைத் தாங்கும் மரைமூடி, இப்போது என் மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கும் பாரமாக இருக்கிறது. உள்ளே மரை இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டால் மோதிரத்தின் உட்பக்கம் மாதிரி வழுவழுப்பு. கிறீஸ் அடிக்கும் நிப்பிளின் மேல் மூன்று தடவை பெயின்ற் ஏறியிருக்கிறது. அதாவது, கடைசியாக யாரோ அதற்குள் கிறீஸ் அடித்த பிறகு அந்தக் கார் மூன்று தடவை நிறம் மாறியிருக்கிறது!

பொருளாதாரத் தடை இருந்த 90களில் யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் துளி பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். அந்த நேரத்தில் கிறீஸைப் பற்றி யார் யோசித்தார்கள்? ஆனால் அது முடிந்து எத்தனையோ வருடம். இப்போதும் யோசிக்காமல் இருப்பதற்குச் சாட்டு இல்லை.

மைனரின் சஸ்பென்சன் பழுதுகளில் பெரும்பங்கு கிறீஸ் போகாத மரையும் பழுத்துப்போன ரப்பரும்தான். முறுக்குக் கம்பி, ஸ்பிறிங், சொக் அப்சோபர் என்று விலைகூடியவற்றை மாற்றிவிட்டு, கடைசியில் சின்ன ரப்பர் புஷ் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர். ஆகவே சாமான் வாங்க முதல் சத்தத்தைக் கேளுங்கள்.

கீழே என்ன இருக்கிறது

அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. கடைசி மட்டும் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை. ஆகவே பக்கவால்வு எஞ்சின் போட்ட முதல் மைனருக்கும் 1098 சிசி மைனருக்கும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முன்னால் சுருள் ஸ்பிறிங் கிடையாது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் உருக்குக் கம்பி, அதாவது கராஜில் ரோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி, தான் முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. அதன் முன்நுனி கீழ்க்கையோடு பல்லுப்பல்லாகப் பொருந்தியிருக்கும். பின்நுனி முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கும். கீழ்க்கை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. அது உடலோடு சேரும் இடத்தில் தலையில் வளையம் உள்ள போல்ற் ஒன்று ரப்பர் புஷ்ஷோடு இருக்கிறது. இதை ஐ போல்ற் என்பார்கள். கீழ்க்கை முன்பின் ஆடாமல் பிடிக்க, அதிலிருந்து காரின் முன்பக்கம் நோக்கி ஒரு கம்பி ஓடுகிறது. மேலே சொக் அப்சோபரின் கையே மேல்க்கை. இந்த இரண்டு கைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்பது கிங் பின். அதன் மேல்நுனியும் கீழ்நுனியும் மரை வெட்டியவை. மரை ஏறும் மூடி மாதிரியான சாமான்தான் ட்ரனியன். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது கிங் பின் இந்த மரைக்குள் சுழல்கிறது. முன்பக்கத்துப் பாரம் முழுக்க அந்தக் கீழ் மரையில்தான் தொங்குகிறது என்பதை ஒருதரம் மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு கிறீஸ் அடிக்க மறக்க மாட்டீர்கள்.

பின்னால் கதை லேசு. பட்டை ஸ்பிறிங், அதை அச்சோடு கட்டும் யூ போல்ற், முன்னால் ஒரு போல்ற், பின்னால் ஸ்பிறிங் நீள இடம் கொடுத்து ஆடும் ஷக்கிள், அதோடு லீவர் வகைச் சொக்.

தொட முதல்

மில்லிமீற்றர் ஸ்பனர் பெட்டியோடு இந்தக் காருக்குக் கீழே போகாதீர்கள். இது அங்குலக் கார். அரை அங்குல நட்டில் 13ஆம் இலக்க ஸ்பனர் போட்டால் முதல் தரம் பிடிக்கும், கறள் பிடித்த நட்டென்றால் இரண்டாம் தரம் மூலை உருண்டுவிடும். 9/16க்கு 14 ஏறாது, 15 ஆடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 சரிவரும். முந்திய மாடல்களில் விற்வேர்த் என்கிற பழைய பிரித்தானிய அளவும் கலந்து வரும். எங்கள் ஊர்க் கார்களில் இடையில் யாரோ மில்லிமீற்றர் போல்ற் ஏற்றியும் இருப்பார்கள். போட்டுப் பார்த்துத்தான் இளக்க வேண்டும்.

முதல்நாள் இரவே எல்லா நட்டுக்கும் கறள் இளக்கும் ஒயில் அடித்து விடுங்கள். கடற்காற்றில் நின்ற காருக்கு இரண்டு இரவு வேண்டும்.

ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். ஸ்ராண்ட் இல்லையென்றால் நல்ல மரக்குற்றி போதும். சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். மண் முற்றம் என்றால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை.

முன்னால் ‘கடக் கடக்’ என்று சின்னக் கிடங்கிலும் சத்தம்

அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மலிவானதில் இருந்து தொடங்குவோம்.

முதலில் பொனற்றைத் திறந்து சொக் அப்சோபரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ற்றையும் பாருங்கள். ஒருவர் மட்கார்டை அமத்தி அமத்தி விட, மற்றவர் சொக்கின் உடலும் தகடும் சேரும் கோட்டில் விரலை வைக்க வேண்டும். மயிரிழை அசைந்தாலும் விரலுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இளகியிருந்தால் இறுக்கி, பூட்டுத் தகட்டை மடித்துவிடுங்கள். பழைய தகட்டைத் திரும்ப மடித்தால் உடையும், புதிதாகப் போடுங்கள்.

அது சரியென்றால் சொக்கின் கையும் மேல் ட்ரனியனும் சேரும் இடத்து ரப்பர். சில்லு நிலத்தில் நிற்க, யாராவது மேலே ஆட்டும்போது அந்த ரப்பரைப் பாருங்கள். புதியது கறுப்பாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு பிதுங்கி நிற்கும். பழையது வெடித்து, ஒரு பக்கம் சப்பையாகி, உலோகம் உலோகத்தில் படுகிற இடம் மினுங்கும். அந்த மினுக்கம்தான் சாட்சி.

அடுத்தது ஐ போல்ற் புஷ். வளையத்துக்கும் அதற்குள் இருக்கும் போல்ற்றுக்கும் இடையில் ரப்பர் நாலு பக்கமும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். மைனரில் இது பாரத்தால் ஒரு பக்கம் மெலிந்து, போல்ற் மையத்தை விட்டு விலகியிருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய எந்தக் காரிலும் கொஞ்சம் விலகல் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். உலோகம் தொட்டால் மாற்றவேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் பொலியூறித்தேன் புஷ் போடச் சொல்வேன். ரப்பரைவிட நாள் நிற்கும், பிறேக் அடிக்கும்போது சில்லு நிதானமாக நிற்கும். மற்ற இடங்களில் அது காரை மாட்டுவண்டி ஆக்கிவிடும்.

பிறேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

பிறேக் ஒயில் கசிந்து ஒரு பக்கத்து லைனிங் நனைந்திருந்தாலும் இழுக்கும். வித்தியாசம் இப்படி விளங்கும். பிறேக் பழுதென்றால் அமத்திக்கொண்டிருக்கும் வரை ஒரே சீராக இழுக்கும். சஸ்பென்சன் பழுதென்றால் அமத்திய கணத்தில் ஒரு ‘டொக்’, ஒரு சின்ன வெட்டு, விட்டதும் மறுபடி ஒரு ‘டொக்’. அந்த ‘டொக்’ கீழ்க்கையில் இருந்து முன்னுக்கு ஓடும் கம்பியின் ரப்பரில் இருந்துதான் வரும்.

சோதிக்கிற வழி: ஒருவர் காரை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டி ஒவ்வொரு தரமும் பிறேக் போட வேண்டும். நீங்கள் தள்ளி நின்று கீழ்க்கையைப் பாருங்கள். கை பின்னுக்குப் போய் வருவது தெரிந்தால் அந்தக் கம்பியின் ரப்பரை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் என்றால் கார் புதிய பக்கத்தைக் கேட்டுத்தான் நடக்கும்.

ரப்பரை மாற்றுவது அரைமணி வேலை. கம்பியின் நுனியும் அது சட்டத்தில் ஏறும் இடமும் கறளில் மெலிந்திருந்தால் வெல்டிங் கதை. நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் மாறினாலும் சில்லு இருக்கும் இடம் மாறும் என்பதைச் சொல்லித்தான் வெல்டிங் காரரிடம் கொடுக்க வேண்டும்.

ஸ்ரியறிங் இறுக்கம், தானாகத் திரும்பி வராது

நல்ல மைனரின் ஸ்ரியறிங் சிறுபிள்ளையும் திருப்பும். வளைவு முடிந்து கையை இளக்கினால் தானே நேருக்கு வரும். வரவில்லை என்றால் கீழே எங்கோ பிடிக்கிறது.

ரயரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய 5.20-14 ரயர் கிடைக்காமல் அகலமான ரேடியல் பூட்டிய கார் நின்ற இடத்தில் கொஞ்சம் பாரமாகத்தான் திரும்பும். காற்றுக் குறைந்தாலும் அப்படித்தான். அது பழுது இல்லை.

முன்பக்கத்தை உயர்த்திச் சில்லைத் தூக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பாரம் இல்லாமலும் இறுக்கம் என்றால் ட்ரனியன் காய்ந்திருக்கிறது. எது என்று அறிய, ஸ்ரியறிங் கம்பியின் நுனியில் உள்ள போல் ஜொயின்ற்றைக் கழற்றி ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகக் கையால் திருப்புங்கள். ஒன்று எண்ணெயில் போகிறது மாதிரிப் போகும். மற்றது ‘கிறீச்’ என்று அரைவாசியில் நிற்கும்.

இனித்தான் முக்கியமான விஷயம். கிறீஸ் அடிக்கும்போது சில்லு காற்றில் இருக்க வேண்டும். நிலத்தில் நிற்கும்போது பாரம் மரையின் ஒரு பக்கத்தை நெருக்கிப் பிடித்திருக்கும். அடிக்கிற கிறீஸ் தளர்வான பக்கத்தால் வெளியே வந்துவிடும், உரசுகிற பக்கத்துக்கு ஒன்றும் போகாது. பார்க்கிறவருக்கு கிறீஸ் பிதுங்குகிறது, வேலை முடிந்தது மாதிரி இருக்கும். உயர்த்தி வைத்து, ஒருவர் ஸ்ரியறிங்கை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசிக்குத் திருப்பிக்கொண்டிருக்க, மற்றவர் பழைய கறுப்புக் கிறீஸ் முழுக்க வெளியேறி நிறம் மாறிப் புதியது வரும்வரை அடிக்க வேண்டும்.

நிப்பிளுக்குள் கிறீஸ் ஏறவில்லை என்றால் கிறீஸ் கன்னைக் குறைசொல்ல வேண்டாம். நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் குண்டூசியால் அதன் குண்டை அமத்திப் பாருங்கள். சரிவராவிட்டால் புதியது போடுங்கள். துவாரத்துக்குள்ளே கிறீஸ் கல்லாகியிருந்தால் மெல்லிய கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு நிப்பிள், மேலும் கீழும். அதோடு போல் ஜொயின்ற்றில் ஒன்று. பழைய கைநூல் 1000 மைலுக்கு ஒருமுறை அடிக்கச் சொல்கிறது. எங்கள் புழுதிக்கும் மாரிகால வெள்ளத்துக்கும் அதைக் கூட்ட வேண்டாம்.

சில்லில் ஆட்டம்

சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிறேக்கை அமத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிறேக்கோடு ஆட்டம் நின்றால் பெயறிங். மைனரின் முன்பெயறிங் நட்டை இறுக்கித் திருத்தக்கூடிய வகை இல்லை, புதிது போட வேண்டியதுதான். பிறேக் பிடித்தும் ஆடினால் கிங் பின்னும் ட்ரனியனும்.

இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் போல் ஜொயின்ற் அல்லது ஸ்ரியறிங் பெட்டியின் உள்மூட்டு. ரப்பர் உறைக்கு மேலால் கையை வைத்துப் பிடித்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் மரைத் தேய்வைக் கண்டுபிடிக்க ஆட்டிப் பார்ப்பது மட்டும் காணாது. கிறீஸ் அப்போதுதான் அடித்திருந்தால் தேய்ந்த மரையும் இறுக்கமாக இருப்பது மாதிரிக் காட்டும். விற்கிற காருக்கு முதல்நாள் கிறீஸ் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் கவனம். சரியான சோதனைக்கு ஒரு அலவாங்கு வேண்டும். சில்லை நிலத்தில் இருந்து மூன்று விரல் உயர்த்தி, கீழ்க்கைக்கு மரக்குற்றி வைத்துத் தாங்கிவிட்டு, அலவாங்கை ரயருக்குக் கீழே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். மற்றவர் கீழ் ட்ரனியனும் கிங் பின்னும் சேரும் இடத்தில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிங் பின் மட்டும் மேலே ஏறி இறங்கினால் மரை போய்விட்டது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள். கராஜ்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கீழ் ட்ரனியனை மாற்றுதல்

புதிய ட்ரனியன் வாங்கும்போது இடமா வலமா என்று சொல்லி வாங்குங்கள். இரண்டும் வேறு, மாற்றிப் போட முடியாது. நான் முதல் தரம் வாங்கிய பெட்டியில் இரண்டும் ஒரே பக்கத்துச் சாமான். கடைக்காரர் “தம்பி, ஏத்திப் பாருங்கோ, ஏறும்” என்றார். ஏறவில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடுகிறவர்கள் பழைய ட்ரனியனைப் பொலித்தீன் பையில் கையோடு கொண்டுபோங்கள். புதியதோடு, அதைக் கீழ்க்கையில் பூட்டும் அச்சுப்பின், அதற்கான வளையங்கள், தூசு மறைக்கும் ரப்பர் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். இவற்றில் மிச்சம் பிடித்தால் புதிய ட்ரனியனுக்குள்ளும் மண் போகும்.

காரை உடலின் கீழ் தாங்கி வைத்துச் சில்லைக் கழற்றுங்கள். இப்போது இன்னொரு ஜக்கைக் கீழ்க்கையின் வெளிநுனிக்குக் கீழே, பின்பாதியில் படும்படி வைத்து, கை சற்று உயரும் வரை ஏற்றுங்கள். முறுக்குக் கம்பி முழு விசையோடு அந்தக் கையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்த ஜக் வழுக்கினால் கை உங்கள் முழங்கையை உடைக்கும். ஜக்கின் தலைக்கும் கைக்கும் இடையில் ரயர் துண்டு ஒன்று வையுங்கள், வழுக்காது.

பிறகு போல் ஜொயின்ற்றை விடுவியுங்கள். நட்டை இளக்கிவிட்டு, அது நுழைந்திருக்கும் கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் விழும். நட்டின் மேல் அடித்து மரையைக் கெடுக்க வேண்டாம். முன்னுக்கு ஓடும் கம்பியைக் கீழ்க்கையில் இருந்து கழற்றுங்கள். அடுத்து ட்ரனியன் அச்சுப்பின்னின் நட்டை எடுத்து, கீழ்க்கையின் முன்பாதியைக் கழற்றுங்கள். இப்போது கிங் பின்னை முன்பக்கம் இழுத்தால் அச்சுப்பின் பின்பாதியில் இருந்து உருவி வரும். கறளில் ஒட்டியிருந்தால் இழுத்துச் சண்டை பிடிக்காமல், ஒயில் அடித்து, முன்பின்னாக மெல்ல ஆட்டி எடுங்கள். மேல்ப்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. கிங் பின் சொக்கின் கையில் தொங்கும். பிறேக் குழாயில் பாரம் விழாமல் ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

பழைய ட்ரனியனைத் திருகிக் கழற்றி, கிங் பின்னின் மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடையுங்கள். புதிய ட்ரனியனைக் கிறீஸ் இல்லாமல் ஏற்றி ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் ஏறினால் நிம்மதி. புதியதிலும் ஆட்டம் இருந்தால் கிங் பின்னின் மரையும் தேய்ந்திருக்கிறது. அப்போது கிங் பின்னையும் மாற்ற வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் தேய்ந்த பின்னில் புதிய ட்ரனியன் போடுவது காசைக் கிணற்றில் போடுவது.

சரி, ஏறியது என்று வைப்போம். தூசு ரப்பரை மறக்காமல் முதலில் போட்டு, மரையில் கிறீஸ் பூசி, ட்ரனியனை முடிவு வரை திருகுங்கள். அங்கேயே விடக்கூடாது. இரண்டு பக்கமும் சில்லு முழுக்கத் திரும்ப இடம் வேண்டும் என்பதால் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். கைகளைப் பூட்டிய பிறகு கிங் பின்னை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். எங்காவது ‘கிண்’ என்று மரை முட்டினால் இன்னும் ஒரு சுற்றுப் பின்வாங்கிப் பூட்டுங்கள். இதைக் கவனிக்காமல் பூட்டிய கார் ஒருநாள் முழு வெட்டில் கிங் பின்னையே முறித்துவிடும்.

ரப்பர் புஷ் உள்ள போல்ற்றுகளை இப்போது கைப்பிடிக்கு மட்டும் இறுக்குங்கள். சில்லைப் பூட்டி, காரை நிலத்தில் இறக்கி, இரண்டு மூன்று தரம் ஆட்டி அமரவிட்டு, பிறகுதான் கடைசி இறுக்கம். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் கார் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுகியபடி இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். கராஜ்களில் அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

கடைசியாக முன்சில்லுகளின் நேர்வு. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர் குறுகியிருக்க வேண்டும். அலைன்மென்ற் கடை தூரம் என்றால், சில்லின் மைய உயரத்தில் ரிம்முக்கு ரிம் முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து பார்க்கலாம். கடை போகும் வரைக்கும் அது காணும்.

கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

சமதரையில் நிறுத்தி, நாலு சில்லிலும் மையத்தில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். முன்னாலா பின்னாலா வித்தியாசம் கூட என்று பாருங்கள். பின்னால் என்றால் பட்டை ஸ்பிறிங்கைத் துணியால் துடைத்து ஒவ்வொரு பட்டையாகப் பாருங்கள். உடைந்த பட்டை கறள் கோடாகத் தெரியும். ட்ரவலர், வான் வகைகளுக்குப் பட்டை கூட. சலூனுக்கு அதை மாற்றிப் போட்டால் பின்பக்கம் வாத்து மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

முன்னால் என்றால் முறுக்குக் கம்பி தளர்ந்திருக்கும். அது பழுது இல்லை, வயது. பின்நுனியில் துவாரங்கள் உள்ள தட்டு ஒன்று இருக்கிறது. முறுக்கை முழுக்க விடுவித்த பிறகு அதை அடுத்த துவாரத்துக்கு மாற்றினால் உயரம் கொஞ்சம் மாறும். அது போதாவிட்டால் பல்லையே தாண்டிப் பூட்ட வேண்டும். கம்பியைக் கழற்றினால் இடம், வலம் என்று குறித்து வையுங்கள். இத்தனை வருடம் ஒரு திசையில் முறுகிய உருக்கை மறுபக்கம் பூட்டி எதிர்த்திசையில் முறுக்கினால் உடையலாம். அதன் உடம்பில் பைப் ஸ்பனர் போட்டுப் பிடிக்கவும் வேண்டாம். ஒரு கீறலில் இருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது

ஒரு மூலையை அமத்தி விடுங்கள். ஒருதரம் எழும்பி நின்றால் சொக் வேலை செய்கிறது. இரண்டு மூன்று தரம் ஆடினால் ஒயில் குறைவு. மூடியைத் திறக்க முதல் சுற்றிலும் நன்றாகக் கழுவுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் வால்வைக் கெடுத்துவிடும். எஞ்சின் ஒயில் ஊற்ற வேண்டாம். சொக்குக்கு என்றே விற்கும் ஒயில் கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் போர்க்குக்கு ஊற்றும் 20ஆம் இலக்க ஒயில் பொருந்தும். ஊற்றும்போது காரை மெல்ல ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஊற்றி ஒரு மாதத்தில் மறுபடி ஆடினால் சீல் போய்விட்டது. அதைவிட மோசம், சொக்கின் கை அச்சில் பக்கவாட்டாக ஆடுவது. முன்னால் அந்தக் கைதான் மேல்க்கை என்பதால் சில்லே சரியும். குழாய் வகைச் சொக் பூட்டினால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். முன்பக்கம் அப்படிப் பூட்டும்போதும் பெரும்பாலும் பழைய சொக்கின் கை மேல்க்கையாக அங்கேயேதான் இருக்கும். தேய்ந்த அச்சு தேய்ந்தபடியே. ஆகவே நல்ல பழைய சொக் ஒன்றைத் தேடுங்கள், அல்லது திருத்தியதை வாங்குங்கள். வீட்டில் பிரித்துப் பூட்டுகிற சாமான் அது இல்லை.

பின்னால் ‘டும்’

கிளச்சை விடும்போது ஒரு ‘டும்’, பிறேக்கில் ஒரு ‘டும்’ என்றால் ஷக்கிள் ரப்பர் அல்லது யூ போல்ற். ரப்பர் மலிவு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். யூ போல்ற் இளகி ஓடிய காரில் ஸ்பிறிங்கின் நடுப் போல்ற் அறுந்திருக்கலாம். பின்னால் நின்று பாருங்கள். ஒரு சில்லு மட்கார்டுக்குள் பின்தள்ளி நின்றால் அதுதான்.

ஸ்பிறிங் பூட்டியிருக்கும் சட்டப் பெட்டிகளைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்னும். கறள் தின்ற இரும்பு ‘டப்’ என்னும். ‘டப்’ என்ற இடத்தில் ஸ்குறூ டிறைவரால் குத்துங்கள். உள்ளே போனால் வெல்டிங் முதல், ஸ்பிறிங் பிறகு. மேலே தார் பூசி மறைத்திருப்பார்கள். தாரைச் சுரண்டிவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

எல்லாம் பார்த்தும் சத்தம் போகவில்லை

வேலை முடிந்து 150 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருதரம் பிடித்துப் பாருங்கள். புதிய ரப்பர் அமர்ந்து சில போல்ற்றுகள் இளகியிருக்கும்.

அதற்குப் பிறகும் சத்தம் என்றால் சைலன்சர் குழாயின் பிடியைப் பாருங்கள், பற்றரித் தட்டைப் பாருங்கள், பொனற்றின் கொழுக்கியைப் பாருங்கள். நான் இரண்டு நாள் பின்சஸ்பென்சன் முழுவதையும் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் நாள் டிக்கியைத் திறந்தால், முதல்நாள் வேலைக்கு எடுத்த ஜக் சேலைத் துணி சுற்றாமல் சும்மா கிடக்கிறது.